குடை, கோட்டு, செருப்பு: உருவப்படக் கூடமும் சாதித் தடையும்

நிழற்படக் கூடத்தில் எடுத்துக்கொள்ளும் உருவப்படம், ஒருவர் தம்மைப் பிறர் எவ்வாறு காண வேண்டும் என்று தாமே முடிவுசெய்து, அதற்குப் பணமும் கொடுத்து உருவாக்கிக்கொள்ளும் ஆவணம். எந்த உடையை அணிவது, நிற்பதா அமர்வதா, கையில் எதை வைத்துக்கொள்வது, யாருடைய பக்கத்தில் நிற்பது ஆகியவற்றைப் படத்தில் இருப்பவரே தேர்ந்துகொள்கிறார். குறைந்தபட்சம் படமெடுப்பவரோடு கலந்து தேர்ந்துகொள்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சென்னை மாகாணத்தில் இந்தத் தேர்வு யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்பதைப் பணத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

அக்காலத்தில் இங்கு இரண்டு வகையான காமிராக்கள் இயங்கின. ஒன்று, மக்கள் தேடிச் சென்ற காமிரா. மற்றொன்று, மக்களைத் தேடி வந்த காமிரா. ஒடுக்கப்பட்ட சாதியினர் முதலில் எதிர்கொண்டது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். முதலாவதிடம் அவர்கள் சென்று சேரும் வழியில் உடை, அணிகலன், காலணி மீதான சாதித் தடைகள் நின்றன. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930இலும் 1931இலும் ஆதிதிராவிடர்கள்மீது விதிக்கப்பட்ட தடைகளையும், ஓர் உருவப்படக் கூடத்தில் வாடிக்கையாளருக்காக வைக்கப்பட்டிருந்த பொருள்களையும் அருகருகே எழுதிப் பார்த்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே பட்டியல் என்பது விளங்கும். திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் 1985 வரை அந்த மாவட்டத்தில் இருந்த ஊர்கள்.

கூடத்தின் உட்புறம்

நிழற்படம் எடுக்கும் முறை 1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்டது. கண்ணாடித் தகட்டில் ஈரமான இரசாயனப் பூச்சைத் தடவி அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவும் முறை 1851இல் வந்தது. ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுத்து அட்டையில் ஒட்டிக் கொடுக்கும் முறைக்கு திஸ்தேரி என்ற பிரெஞ்சுக்காரர் 1854இல் காப்புரிமை பெற்றார். உருவப்படத்தின் விலை குறைந்ததும், நடுத்தர வர்க்கம் கூடங்களை நோக்கிப் படையெடுத்ததும் இதற்குப் பிறகுதான். சென்னையில் கலைப்பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில் 1856இல் நிழற்படச் சங்கம் தொடங்கப்பட்டது. மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857இன் இறுதியிலிருந்து 1858 வரை மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று பயணம் செய்தார். கோயில்களும் அரண்மனைகளும் கோட்டைகளும் அவருடைய படங்களில் இருக்கின்றன. மனிதர்கள் மிக அரிதாகவே தென்படுகிறார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் நிக்கோலஸ், வீலே அண்டு கிளைன் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் சென்னையில் கூடங்களை நடத்தின. 1880களில் உலர்ந்த தகடுகள் கடைக்கு வந்தபின் தொழில் எளிதாயிற்று. இந்தியர்கள் நடத்திய கூடங்கள் கும்பகோணம், மதுரை போன்ற நகரங்களிலும் பெருகின.

மின்விளக்கு இல்லாத காலம் என்பதால் கூரையின் ஒரு பகுதி கண்ணாடியால் வேயப்பட்டிருக்கும். தகட்டில் உருவம் பதியச் சில விநாடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். அதனால் தலையைப் பின்புறமிருந்து தாங்க ஓர் இரும்புக் கவடும், சாய்ந்துகொள்ள ஒரு மேசை அல்லது தூணும் தேவைப்பட்டன. அசையாமல் நிற்பதற்காக வந்த இந்தப் பொருள்களே காலப்போக்கில் தகுதியின் அடையாளங்களாக மாறின என்பது கவனிக்கத்தக்கது. மரத்தூண் கிரேக்கத் தூணாக வண்ணம் பூசப்பட்டது. மேசைமேல் தடித்த புத்தகமும் கடிகாரமும் பூச்சாடியும் ஏறின. பின்னால் தொங்கிய ஓவியத் திரையில் மாளிகைப் படிக்கட்டும் பூங்காவும் ஏரியும் தோன்றின. கைத்தடி, குடை, கடிகாரச் சங்கிலி, கோட்டு, தலைப்பாகை, மெருகேற்றிய காலணி ஆகியவற்றோடு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இல்லாதவர்களுக்குக் கூடமே அவற்றை இரவல் தந்தது. படமெடுத்த பின் நெகடிவின்மேல் கூரிய பென்சிலால் திருத்தும் வேலை நடக்கும். தொழிலில் 'டச்சிங்' என்று சொல்வார்கள். நெகடிவில் பென்சில் படிந்த இடம் அச்சில் வெளுத்துத் தெரியும். அம்மைத் தழும்பு மறைந்தது. கூடவே கறுப்புத் தோலும் வெளுத்தது.

மக்களைத் தேடி வந்த காமிரா

1857 எழுச்சிக்குப் பின் தன் குடிகளை அறிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் ஆங்கில அரசுக்கு ஏற்பட்டது. 1868க்கும் 1875க்கும் இடையில் லண்டனில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற நூல் அந்தத் தேவையின் விளைவு. ஜே. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்த அதில் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. பெரும்பாலான படங்களுக்கு அடியில் இருப்பது சாதியின் பெயர் அல்லது இனக்குழுவின் பெயர். அதன்கீழ் அந்தக் கூட்டம் அரசுக்கு விசுவாசமானதா, திருட்டுக் குணமுடையதா என்ற விவரணை. மனிதர் அங்கே மாதிரிப் பொருளாகிவிடுகிறார்.

அந்நூலுக்குப் படம் தந்தவர்களில் ஒருவர் சென்னை இராணுவக் குதிரைப்படை அதிகாரி வில்லவ்பி வாலஸ் ஹூப்பர். 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது அவர் எடுத்த படங்கள் இன்றும் வரலாற்று நூல்களில் அச்சிடப்படுகின்றன. எலும்பும் தோலுமாகிவிட்ட மக்களை வரிசையாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் எடுக்கப்பட்ட குழுப்படங்கள் அவை. உயரமானவர் பின்னால், குழந்தைகள் முன்னால் என்ற அமைப்பு, ஒரு குடும்பம் கூடத்திற்குச் சென்று எடுத்துக்கொள்ளும் படத்தின் அமைப்பேதான். படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் பதியப்படவில்லை. பஞ்சத்தில் முதலில் சரிந்தவர்கள் நிலமற்ற கூலிகள். அவர்களில் பெரும்பகுதியினர் யார் என்பதைத் தமிழ்நாட்டின் நிலவுடைமை வரலாறு அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றார். அளவெடுக்கும் கருவிகளோடும் காமிராவோடும் ஊர் ஊராகப் போனார். மூக்கின் அகலம், தலையின் நீளம், உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. நம் மாணவர்கள் இன்றும் ஆய்வேடுகளில் தயக்கமின்றி மேற்கோள் காட்டும் நூல் அது. வயநாட்டுப் பணியர் பெண்கள் தம்மைக் கண்டதும் ஓடிவிட்டதாக அதன் முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். தங்களில் சிறந்த உடலமைப்பு உள்ளவர்களைப் பிடித்துப் பாடம்செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அவர்கள் அஞ்சினார்களாம். வேடிக்கை என்று நினைத்து அவர் எழுதிய இந்தச் செய்தியைப் படிக்கும்போது, காமிராவின் நோக்கத்தை அந்தப் பெண்கள் நூலாசிரியரைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றே தோன்றுகிறது.

கடல் கடந்தும் இது நடந்தது. மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழர்களும் இருந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டவர்களைப் 'பழைய குடியேறிகள்' என்று அரசு அழைத்தது. அவர்கள் தங்கள் உருவப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. சீட்டு இல்லாமல் சாலையில் காணப்பட்டால் நாடோடிக் குற்றத்தின்பேரில் கைது செய்யப்படுவார்கள். இந்தக் கொடுமையை எதிர்த்து 1871இல் 9,401 பேர் கையொப்பமிட்ட மனு ஒன்றை அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர் ஆளுநரிடம் கொண்டு சேர்த்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்திலிருந்து விசாரணைக் குழு வந்தது. அந்தக் குடியேறிகளின் முகங்கள் மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சென்னை மாகாணத்தின் எளிய மனிதர்கள் பலருடைய மிகப் பழைய தனி உருவப்படம் ஒரு காவல் ஏற்பாட்டின் துணைப்பொருளாகவே பிறந்தது.

1930 டிசம்பர்

இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் சமூகத்தவர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை அறிவித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், சாதி குறித்த தம் நூலில் இவற்றை வரிசையாகப் பதிவுசெய்திருக்கிறார். பொன், வெள்ளி நகைகள் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. மண்பாண்டங்களைத் தவிர வேறு பாத்திரங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது. செருப்பும் அணியக் கூடாது.

இந்த வரிசையை மேலே சொன்ன கூடத்தின் உட்புறத்தோடு பொருத்திப் பாருங்கள். கோட்டு, குடை, காலணி, வாரிய கிராப்பு, நகை, பட்டு இரவிக்கை, பூச்சூடிய கூந்தல். ஓர் உருவப்படத்தில் மனிதருக்கு மதிப்பைத் தருவதாகக் கருதப்பட்ட பொருள்கள் அனைத்தும் தடைப்பட்டியலில் உள்ளன. தற்செயலாக அமைந்த பொருத்தம் அன்று. சாதி என்பது கண்ணால் கண்ட மாத்திரத்தில் படிக்கப்பட வேண்டிய ஏற்பாடு. எதிரே வருபவர் யார் என்பது தூரத்திலேயே தெரிந்தாக வேண்டும். உடலே அறிவிப்புப் பலகையாக இருந்தாக வேண்டும். உருவப்படமோ அந்த அறிவிப்பை அழித்து எழுத வாய்ப்பளிக்கும் கலை. சட்டை போட்டு, கிராப்பு வைத்து, நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவரின் படம் அவருடைய சாதியைச் சொல்லாது. தடைகளை விதித்தவர்கள் நிழற்படத்தை மனத்தில் கொண்டு விதிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர்கள் காக்க விரும்பியதும் படக்கூடம் குலைக்கக்கூடியதும் ஒரே பொருள்தான்.

தடைகளுக்கு ஆதிதிராவிடர்கள் பணியவில்லை. அதன் விளைவாகக் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கவரப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாக உயர்ந்தன. இம்முறை தேவேந்திரகுல வேளாளர்களின் பெயரும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரர்களின் மாடுகளை மேய்க்க வேண்டும், குத்தகைக்கோ வாரத்திற்கோ நிலம் பயிரிடக் கூடாது, சொந்த நிலத்தை மலிவாக விற்றுவிட வேண்டும், ஆணுக்கு நாலணாவும் பெண்ணுக்கு இரண்டணாவும் கூலி, திருமணத்தில் மேளம் கூடாது, தாலி கட்டுமுன் குதிரை ஊர்வலம் கூடாது. உடையில் தொடங்கிய பட்டியல் நிலத்திலும் கூலியிலும் போய் முடிந்ததைக் காண்கிறோம். உடைப் பிரச்சினையை 'வெறும் அடையாள அரசியல்' என்று ஒதுக்குபவர்கள் இந்த இரண்டு பட்டியல்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதே 1930 டிசம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 12இல் தொடங்கி 1931 சனவரி 19 வரை நீடித்த அம்மாநாட்டில் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதிகளாக டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அமர்ந்திருந்தார்கள். அந்த அவையில் அவர்கள் கோட்டு அணிந்து அமர்ந்திருப்பதை மாநாட்டின் படங்களில் காணலாம். செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்த ஒரு பறையர் பேரரசின் தலைநகரில் கோட்டோடு படமெடுக்கப்பட்ட அதே வாரங்களில், அவருடைய மாகாணத்தின் தென்பகுதி மாவட்டம் ஒன்றில் கோட்டு தடைசெய்யப்பட்டிருந்தது.

தடைகளை விதித்த தரப்பும் காலனிய அரசின் கண்காணிப்புக்கு உள்ளானதுதான் என்ற வாதத்தை இங்கு எதிர்பார்க்கலாம். 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர்களும் மறவர்களில் ஒரு பகுதியினரும் கைரேகைப் பதிவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். 1920இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அது கொடிய சட்டம் என்பதில் ஐயமில்லை. சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அரசின் முன் ஒடுக்கப்பட்ட ஒரு கூட்டம் ஊருக்குள் ஒடுக்கும் கூட்டமாகவும் இருக்க முடியும். இரண்டையும் ஒருசேரப் பார்க்கத் தெரியாத வரலாறு அரைகுறை வரலாறு.

இரண்டு வெற்றுடம்புகள்

திருச்சுழியில் பிறந்தவர்களில் உலகம் முழுவதும் முகம் அறியப்பட்டவர் ஒருவரே. 1879 டிசம்பர் 30இல் அவ்வூரில் வழக்குரைத்துவந்த சுந்தரம் ஐயரின் மகனாகப் பிறந்த வேங்கடராமன், 1896இல் திருவண்ணாமலை சென்று பின்னாளில் இரமண மகரிஷி ஆனார். அவருடைய மிகப் பழைய படம் 1900ஐ ஒட்டி எடுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. 1946இல் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ஜி. வெல்லிங் எடுத்த மார்பளவு உருவப்படம்தான் இன்று எல்லா இடங்களிலும் காணப்படுவது. மென்மையான ஒளி, நேர்கொண்ட பார்வை, மேலாடையற்ற மார்பு. உருவப்படக் கலையின் அளவுகோல்களின்படி அது மிகச் சிறந்த படம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

என் கேள்வி மகரிஷியைப் பற்றியதன்று. பார்க்கும் கண்ணைப் பற்றியது. அந்தப் படத்தில் மேலாடை இல்லாதது துறவின் அடையாளமாகப் படிக்கப்படுகிறது. அணிந்துகொள்ள உரிமை இருந்தும் வேண்டாம் என்று விட்டவர் என்பதால் அது துறவு. அந்தப் படத்திற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் அவர் பிறந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு மேலாடை இல்லாதிருப்பது ஊர்க் கட்டளையாக விதிக்கப்பட்டது. தர்ஸ்டனின் தொகுதிகளிலோ பஞ்சப் படங்களிலோ காணப்படும் வெற்று மார்பை யாரும் துறவாகப் படிப்பதில்லை. காமிராவின் முன் ஓர் உடம்பு எவ்வாறு பொருள்படும் என்பதைக் காமிரா மட்டும் தீர்மானிப்பதில்லை. துறப்பதற்கு முன்னால் உடைமை வேண்டும். காந்தி மேலாடையைக் களைந்ததும் அம்பேத்கர் கோட்டை ஒருபோதும் களையாததும் ஒரே கேள்விக்கான இரு விடைகள். இரண்டாவது விடையின் நியாயத்தைப் புரிந்துகொள்ள 1930இன் எட்டுத் தடைகள் போதும்.

படத்தைக் கைப்பற்றிய விதம்

தடைகளை மீறி, ஒடுக்கப்பட்டோர் தங்கள் உருவத்தைத் தாங்களே அமைத்துக்கொண்ட வரலாறு பல ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. 1893இல் வில்வண்டியில் ஏறித் தடைசெய்யப்பட்ட சாலையில் சென்ற அய்யன்காளி, தலைப்பாகையோடு நிமிர்ந்து நோக்கும் உருவப்படத்தையும் விட்டுச்சென்றிருக்கிறார். வண்டிப் பயணத்துக்கு அவர் அணிந்துகொண்ட உடைக்கும் இந்தப் படத்துக்கும் தொடர்பு உண்டு. இரண்டுமே பார்ப்பவரை நோக்கிய அறிவிப்புகள்.

இதே காலத்தை ஒட்டி அமெரிக்காவிலும் இது நடந்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட மனிதராகக் கருதப்படுகிறார். திட்டமிட்டே அவர் படமெடுத்துக்கொண்டார். நிழற்படத்தின் அரசியல் பற்றி உரைகளும் ஆற்றினார். சோஜர்னர் ட்ரூத் தம் சிறு உருவப்படங்களை விற்று இயக்கச் செலவுகளைப் பார்த்துக்கொண்டார். 1864இல் அந்தப் படத்தின் பதிப்புரிமையைத் தம் பெயரிலேயே பதிவுசெய்தார். ஒரு காலத்தில் தாமே பிறருடைய சொத்தாக இருந்த பெண் தம் உருவத்தைத் தம் சொத்தாக்கிக்கொண்டதை விடச் சிறந்த சட்டப் பாடம் இருக்க முடியாது.

வானம் பார்த்த பூமியான திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதியில் இதற்கான வழிகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான் திறந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன கூலிகள், பட்டாளத்தில் சேர்ந்த இளைஞர்கள் ஆகியோருக்கு ஊர்க் கட்டுப்பாட்டின் கை எட்டாத இடத்தில் சட்டையும் காலணியும் வாய்த்தன. அந்நியப் பட்டணத்தில் எடுத்து ஊருக்கு அனுப்பிய படத்தில், ஊரில் அணிய முடியாததை அணியலாம். முதுகுளத்தூர் வட்டம் செல்லூரில் பிறந்து, இராணுவத்தில் பணியாற்றித் திரும்பி, 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரனின் வாழ்க்கையும் இந்தப் பாதையில் அமைந்ததே. அவருடைய உருவம் 2010இல் அஞ்சல்தலையாக வெளிவந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அந்த முகம் தென்மாவட்டங்கள் எங்கும் பதாகைகளில் எழுகிறது; அதைக் கிழிப்பதே மோதலுக்குத் தொடக்கமாகவும் அமைகிறது.

விடுதலைக்குப் பின் சிறு நகரங்களிலும் 'போட்டோ ஸ்டூடியோ' வந்தது. காதுகுத்து, பூப்பு, கலியாணம் ஆகியவற்றுக்குக் குடும்பத்தோடு போய்ப் படமெடுப்பது வழக்கமாயிற்று. சுவரில் ஒரு கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, ஆணியில் மாட்டிய ஒரு கோட்டு. வருகிறவர் அனைவருக்கும் அதே கோட்டுதான். அதை 'ஏழையின் பாசாங்கு' என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்பன் பாட்டன் அணிந்தால் குடிசை எரியும் என்றிருந்த உடையைப் பேரன் கால்மணி நேரம் அணிந்து, அதை என்றென்றைக்குமான சான்றாக்கிக்கொண்டு வந்ததில் பாசாங்கு எங்கே இருக்கிறது? மறுபக்கமும் உண்டு. உயிரோடு இருந்தபோது ஒருமுறைகூடப் படமெடுத்துக்கொள்ள வாய்க்காதவர்கள் இறந்த பின் நாற்காலியில் இருத்தப்பட்டு, மாலையோடும் சுற்றிலும் குடும்பத்தோடும் படமெடுக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டின் பல வீடுகளில் முன்னோரின் ஒரே படம் அதுவாகவே இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

யாருடைய பணத்தில் படம் எடுக்கப்பட்டது என்பது சட்டத்தின் கண்ணில் முதன்மையான கேள்வி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(ஆ)இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட நிழற்படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே. இந்த நெறி 1914 சட்டத்திலிருந்தே தொடர்கிறது. கூடத்திற்குப் போக முடிந்தவருக்கு இது நல்ல பாதுகாப்பு. தேடி வந்த காமிராவின் முன் நிறுத்தப்பட்டவருக்கு இதனால் பயன் இல்லை. படமெடுக்கச் சொன்னவரும் பணம் கொடுத்தவரும் வேறு ஆள்.

இந்த அநீதியை நேரடியாக எதிர்கொண்ட வழக்கு அமெரிக்காவில் நடந்தது. 1850இல் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி, இனங்களின் ஏற்றத்தாழ்வை நிறுவும் நோக்கத்தில் ரென்டி, டீலியா முதலிய அடிமைகளை ஆடை களைந்து படமெடுக்கச் செய்தார். தாம் ரென்டியின் வழித்தோன்றல் என்று கூறி டமாரா லேனியர் 2019இல் வழக்குத் தொடுத்தார். படத்தின் உரிமை படத்தில் இருப்பவருக்குச் சேராது என்று 2022இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் கூறியது; ஆயினும் பல்கலைக்கழகம் அவரை நடத்திய விதத்தால் நேர்ந்த மன உளைச்சலுக்காக அவர் வழக்கைத் தொடரலாம் என்றது. 2025இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்தப் படங்களைத் தென் கரோலினாவில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்திற்கு மாற்றப் பல்கலைக்கழகம் இசைந்தது. தர்ஸ்டனின் படங்களைப் பற்றி நம்மிடையே இப்படியொரு கேள்வி இன்னும் எழவில்லை.

பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைகள் தடுப்பு) சட்டத்தில் 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களை, 1930–31 பட்டியலை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். பொது இடத்தில் காலணியோ புத்தாடையோ அணிவதையும், திருமண ஊர்வலம் செல்வதையும், அதில் குதிரை ஏறுவதையும் தடுப்பது பிரிவு 3(1)இன் (za) கூறின்படி குற்றம். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இராமநாதபுரத்தில் விதிக்கப்பட்ட தடைகளுக்குச் சட்டமன்ற மொழியில் தரப்பட்ட மறுப்பாகவே அதை நான் வாசிக்கிறேன். அதே பிரிவின் (t) கூறு, பட்டியல் சாதியினர் உயர்வாக மதிக்கும் பொருளை அழிப்பதையும் சேதப்படுத்துவதையும் இழிவுபடுத்துவதையும் தண்டிக்கிறது. 'பொருள்' என்பது சிலை, நிழற்படம், உருவப்படம் ஆகியவற்றை உள்ளடக்கும் என்று விளக்கமும் தருகிறது. தலைவரின் படமுள்ள பதாகை கிழிக்கப்பட்டால், சொத்துச் சேதம் என்ற சாதாரணப் பிரிவோடு முதல் தகவல் அறிக்கையை முடித்துவிடக் காவல் நிலையங்கள் முனைவதுண்டு. புகார் எழுதுபவர்கள் (t) கூறைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

படத்தைக் காக்கும் சட்டம் ஒருபுறம் இருக்க, படத்தைப் பிடிக்கும் சட்டமும் வளர்ந்திருக்கிறது. 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்திற்குப் பதிலாக 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், நிழற்படத்தோடு கருவிழி, உயிரியல் மாதிரி என்று பட்டியலை விரித்ததுடன், பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் வழிசெய்கிறது. முன்பு தண்டிக்கப்படாதவர் எல்லா மேல்முறையீடுகளும் முடிந்து விடுவிக்கப்பட்டால் பதிவுகள் அழிக்கப்பட வேண்டும். ஆனால் நீதிமன்றமோ நடுவரோ காரணங்களை எழுதிவைத்து அதையும் நிறுத்திவைக்கலாம். நூறுநாள் வேலைத்திட்டத்தில் 2023 சனவரி முதல் பணியிடங்களில் நாளுக்கு இருமுறை படமெடுத்துக் கைபேசிச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. கண்மாய்க் கரையில் மண்வெட்டியோடு வரிசையில் நிற்கும் பெண்கள் கூலிக்கு முன்நிபந்தனையாக முகத்தைத் தருகிறார்கள். மொரீசியசின் அனுமதிச் சீட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நீதிமன்றச் சுவரும் இந்த வழக்கிலிருந்து தப்பவில்லை. நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் ஆகியோரைத் தவிர மற்றவர்களின் படங்களும் சிலைகளும் இடம்பெறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றப் பதிவாளர் 2023 ஜூலையில் சுற்றறிக்கை அனுப்பினார். வழக்கறிஞர்கள் போராடினார்கள். அம்பேத்கரின் படம் அகற்றப்படாது என்று தலைமை நீதிபதி தெரிவித்ததாகத் தமிழ்நாடு அரசு அறிவித்த பின்னரே அது அடங்கியது.

பழைய படங்களைச் சேகரிப்போருக்கு

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவுடன், 1880 முதல் 1980 வரையிலான தமிழ்ப் படக்கூடங்களின் உருவப்படங்களை எண்மமாக்கியுள்ளது. ஆய்வு மாணவர்கள் இணையத்தில் அவற்றைக் காணலாம். கூடங்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகடிவுகளைச் சுரண்டிக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றுவிடுவது பரவலாக நடந்தது என்பதால், எஞ்சியவை வீடுகளில் உள்ள அச்சுப் பிரதிகளே. சேரிகளிலும் காலனிகளிலும் உள்ள வீடுகளில் இவை மழையிலும் கரையானிலும் அழிந்துவருகின்றன.

அவற்றைப் பதிவுசெய்யப் புறப்படும் மாணவர்கள் படத்தின் முன்புறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. அட்டையின் பின்புறத்திலோ கீழ்விளிம்பிலோ கூடத்தின் பெயரும் ஊரும் இருக்கும். சிலவற்றில் நெகடிவ் எண்ணும் இருக்கும். அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். படத்தில் உள்ளவர் யார், என்ன நிகழ்வு, அணிந்திருக்கும் உடை சொந்தமா இரவலா, எந்த ஊருக்குப் போய் எடுத்தார்கள், ஊர்த்தெரு வழியாக அதே உடையில் போக முடிந்ததா என்று வீட்டின் மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். படத்தைச் சட்டகத்திலிருந்து கழற்றும் முன்னும், அதை வெளியிடும் முன்னும் குடும்பத்தாரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும். மூலப்படம் அந்த வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும்.